கம்பியை இழுத்துவிட்டேன், ஆனாலும் மின்பாதையாகத் தெரியவில்லை

பல்லாவரம்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக மாடி அறையில் ஒரு எச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் லேஅவுட் கட்டி வருகிறேன். நீளம் 2.4 மீட்டர், அகலம் 45 செ.மீ. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருப்பதாக நானே கற்பனை செய்த ஒரு சின்ன நிலையம். அப், டவுன், ஒரு லூப் லைன், ஒரு லெவல் கிராசிங். இடது கோடியில் பாதை 610 மி.மீ. ஆரத்தில் வளைந்து பின்பலகைக்குள் மறைகிறது. அகலப் பாதையை 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் காட்டுகிறேன். கணக்குப்படி 19.3 மி.மீ. வேண்டும் என்று தெரியும், ஆனால் அந்த அளவில் பாயின்ட் (வண்டி தடம் மாறும் இடம்) எல்லாம் கையால் செய்ய எனக்கு நேரமில்லை.

சென்ற மாதம் மாஸ்ட் (மின்கம்பியைத் தாங்கும் கம்பம்) நட்டு, கம்பியும் இழுத்து முடித்தேன். மாஸ்ட்கள் ஜெர்மன் பாணியில் வந்த ஆயத்தத் துண்டுகள். 20 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. கம்பி தண்டவாளத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, 72 மி.மீ. உயரத்தில் ஓடுகிறது. வளைவுகூட ஒழுங்காக வந்திருக்கிறது.

ஆனால் பார்த்தால் மின்பாதையாகத் தெரியவில்லை. தோட்டத்து வேலி மாதிரி இருக்கிறது. தினமும் லோக்கலில் போகிறவன் நான். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது இது இல்லை என்று மட்டும் தெரிகிறது, எது தவறு என்று சொல்லத் தெரியவில்லை. படம் 1, 2, 3 இணைத்திருக்கிறேன். தயங்காமல் சொல்லுங்கள்.

கொல்லம்_கோட்டம்

படம் பார்த்தேன். முதல் பிரச்சினை நெருக்கம். நம் ஊரில் நேர்ப்பாதையில் இரண்டு மாஸ்ட்களுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 828 மி.மீ. நீங்கள் 200 மி.மீ.க்கு நட்டிருக்கிறீர்கள், அதாவது நிஜத்தில் 17 மீட்டருக்கு ஒன்று. பாதிக்கு மேல் பிடுங்கிவிடுங்கள்.

நிழல்பாதை

நான் வேறு வழி சொல்வேன். மாஸ்ட் மட்டும் போதும், கம்பியே வேண்டாம். என் லேஅவுட்டில் நான்கு வருடமாக அப்படித்தான். நிஜக் கான்டாக்ட் வயரின் (லோகோவுக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பி) குறுக்களவு 12 மி.மீ. சொச்சம். எச்.ஓ.வில் அது 0.14 மி.மீ. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒரு அடி தூரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணில் படவே கூடாது. கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. கம்பியைப் போட்டால் நிஜத்தில் உங்கள் கட்டைவிரலைவிடத் தடிமனான குழாய் தொங்குவது போல் ஆகிவிடுகிறது. தண்டவாளம் துடைக்கும்போது கை மாட்டுவது தனித் தொல்லை.

ஈயப்பற்று

நிழல்பாதை சார், உங்கள் லேஅவுட் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. கம்பி இல்லாத மாஸ்ட் வரிசையைப் பார்த்தால் மின்மயமாக்கல் வேலை பாதியில் நிற்கும் பாதை என்றுதான் மனம் படிக்கிறது. பேன்ட்டோ (கூரைமேல் நின்று கம்பியைத் தொடும் சட்டம்) தூக்கிய லோகோ அதன் கீழே ஓடினால் இன்னும் மோசம். 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை வைத்து, பளபளப்பில்லாத கரும்பச்சை கலந்த சாம்பல் வண்ணம் கொடுத்தால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. செம்பு நிறத்தில் விட்டால்தான் தடிமனாகத் தெரிகிறது. நிஜத்திலும் கான்டாக்ட் வயரின் அடிப்பாகம் மட்டும்தான் உரசி உரசி மின்னும். மேல் பக்கமும், அதைத் தாங்கி மேலே ஓடும் கேட்டனரிக் கம்பியும் கருத்துக் கிடக்கும்.

செய்யும் முறையைத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் ஓய்வுபெற்ற ஓ.எச்.இ. (ரயில் மேல்நிலை மின்கம்பி) ஐயா ஒருமுறை படங்களைப் பார்த்தால் நல்லது.

டவர்வேகன்_தாத்தா

கூப்பிட்டதால் வந்தேன் அம்மா. 31 வருடம் டி.ஆர்.டி.யில், அதாவது ரயில்வேயின் மின்பாதைப் பிரிவில், இருந்தவன். மாடல் ரயில் பேரன் வழியாக வந்த பழக்கம், அதனால் சால்டரிங், வண்ணம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பல்லாவரம் தம்பி, நெருக்கம் ஒரு குறை என்பது உண்மை. உயரமும் அதிகம். நம் பாதையில் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து கான்டாக்ட் வயர் 5.60 மீட்டர். உங்கள் அளவில் 64 மி.மீ. நீங்கள் 72 வைத்ததால் வண்டி குட்டையாகத் தெரிகிறது. ஆனால் இந்த இரண்டையும் சரிசெய்தாலும் உங்களுக்கு அந்த உறுத்தல் போகாது. காரணம் வேறு. படம் 2-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். பன்னிரண்டு மாஸ்ட்டிலும் ஒரே மாதிரி கை. கம்பி எல்லா இடத்திலும் நட்டநடுவில்.

நிஜத்தில் கம்பி நடுவில் ஓடாது. ஒரு மாஸ்ட்டில் நடுக்கோட்டிலிருந்து 200 மி.மீ. இந்தப் பக்கம், அடுத்ததில் 200 மி.மீ. அந்தப் பக்கம். இதுதான் ஸ்டேகர். ஒரே இடத்தில் உரசினால் பேன்ட்டோவின் கார்பன் பட்டையில் பள்ளம் விழுந்துவிடும், அதற்காக. இது பலருக்கும் தெரியும். உங்கள் அளவில் 2.3 மி.மீ.தான். ஆனால் இந்த 2.3 மி.மீ.யால் கேன்டிலீவரின், அதாவது மாஸ்ட்டிலிருந்து நீளும் கையின், வடிவமே மாறுகிறது. அதைத்தான் மாடல் செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

கம்பியை ஓரம் பிடித்து வைப்பது ஸ்டெடி ஆர்ம் என்கிற சின்னக் கை. அது இழுத்துப் பிடிக்க மட்டும் ஆனது, தள்ளுவதற்கு இல்லை. கம்பியோ 1,000 கிலோ இழுவிசையில் விறைப்பாக இருக்கிறது, எப்போதும் நேராகப் போகத்தான் பார்க்கும். மாஸ்ட் பக்கமாக 200 விலக்கிய இடத்தில் கம்பி பாதை நடுவை நோக்கி ஓடப் பார்க்கும். அங்கே ஸ்டெடி ஆர்ம் மாஸ்ட் பக்கமிருந்து வந்து இழுத்துப் பிடிக்கிறது. இது புல் ஆஃப். சரி, அடுத்த மாஸ்ட்டில்? அங்கே கம்பி எதிர்ப்பக்கம் விலகி நிற்கிறது, மாஸ்ட்டை நோக்கி ஓடி வரப் பார்க்கும். மாஸ்ட் பக்கமிருந்து பிடித்தால் தள்ள வேண்டியிருக்கும். அதனால் ஸ்டெடி ஆர்மைத் தாங்கும் ரெஜிஸ்டர் ஆர்ம் கம்பியைத் தாண்டி நீண்டு போகும். அந்த நுனியிலிருந்து ஸ்டெடி ஆர்ம் திரும்பி மாஸ்ட் பக்கமாக வந்து கம்பியைப் பிடிக்கும். இது புஷ் ஆஃப். பெயர் புஷ் என்றாலும் கை இழுவையில்தான் இருக்கிறது.

ஆக நேர்ப்பாதையில் குட்டைக் கை, நீளக் கை, குட்டைக் கை, நீளக் கை என்று மாறி மாறி வரும். தினமும் லோக்கலில் போகும்போது உங்கள் கண் இந்தத் தாளத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாவிட்டாலும் இல்லாதபோது உறுத்துகிறது. நாளைக்கு நடைமேடையில் நின்று பத்து மாஸ்ட் எண்ணிப் பாருங்கள்.

வளைவில் இந்த மாறிமாறிக் கணக்கு கிடையாது. கம்பி எப்போதும் வளைவின் உட்பக்கம்தான் இழுக்கும். மாஸ்ட் வெளிப்பக்கம் இருந்தால் வரிசையாகப் புல் ஆஃப், உட்பக்கம் இருந்தால் வரிசையாகப் புஷ் ஆஃப். இன்னொன்று, கம்பி வளையாது. உங்கள் படம் 3-இல் கம்பியை வளைத்து ஒட்டியிருக்கிறீர்கள். இழுவிசையில் இருக்கும் கம்பி ஒரு மாஸ்ட்டிலிருந்து அடுத்ததற்கு நேர்க்கோடாகத்தான் போகும். மாஸ்ட்டில் வளைவின் வெளிப்பக்கமும், நடுவில் உட்பக்கமும் விலகும்.

பல்லாவரம்வாசி

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நடைமேடைக் கோடியில் நின்றேன். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், இன்றுதான் பார்த்தேன். குட்டை, நீளம், குட்டை, நீளம். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே வருகிறது. அந்த அசைவுதான் என் லேஅவுட்டில் இல்லை.

முழுதும் பிரித்து மறுபடி செய்யப் போகிறேன். இரண்டு கேள்வி. ஒன்று, 828 மி.மீ. வைத்தால் என் நேர்ப்பாதையில் மூன்று மாஸ்ட்தான் வரும், மொட்டையாக இருக்காதா? இரண்டு, 610 வளைவில் எவ்வளவு இடைவெளி விடலாம்?

கொல்லம்_கோட்டம்

மொட்டையாக இருந்தால் இருக்கட்டும் சார், அதுதான் உண்மை. ஸ்கேல் என்று வந்துவிட்டால் எல்லாம் ஸ்கேலில்.

டவர்வேகன்_தாத்தா

கொல்லம் தம்பி சொல்வதில் தவறில்லை. ஆனால் 72 என்பது உச்சவரம்பு. எல்லா இடத்திலும் 72 போடுவதில்லை. 4.5 மீட்டர் படிகளில் குறைத்துக்கொண்டே வருவோம்: 67.5, 63, 58.5 என்று. நிலையத்தை ஒட்டி பாயின்ட், பாலம், வளைவு, ஓவர்லேப் (ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) என்று ஏதாவது வந்து இடைவெளி தானாகக் குறையும். அதனால் 45 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவில் 517 மி.மீ. நான்கைந்து மாஸ்ட் வரும். ஸ்கேலைச் சுருக்கவும் வேண்டாம், மொட்டையாகவும் தெரியாது.

ஒன்று கவனம். இடைவெளியைக் குறைத்தால் கேட்டனரியின் தொய்வையும் குறைக்க வேண்டும். மாஸ்ட்டில் கேட்டனரிக்கும் கான்டாக்ட் வயருக்கும் நடுவே 1.40 மீட்டர், மாடலில் 16 மி.மீ. 72 மீட்டர் இடைவெளியில் நடுவே கேட்டனரி ஏறத்தாழ ஒரு மீட்டர் தொய்ந்து, கான்டாக்ட் வயருக்கு மிக அருகில் வந்துவிடும். 45 மீட்டரில் தொய்வு அரை மீட்டர்கூட வராது. தொய்வு இடைவெளியின் இருமடிப்படி போகிறது, இடைவெளி பாதியானால் தொய்வு கால்வாசி. 517 மி.மீ. இடைவெளிக்கு நடு டிராப்பர் (கேட்டனரியிலிருந்து கான்டாக்ட் வயரைத் தொங்கவிடும் சின்னக் கம்பி) 11 மி.மீ. இருந்தால் சரி. கடையில் வரும் ஆயத்தக் கம்பிகளில் குட்டை இடைவெளிக்கும் ஆழமான தொய்வு கொடுத்துவிடுகிறார்கள். பார்த்தால் ஊஞ்சல் மாதிரி இருக்கும்.

ஈயப்பற்று

வளைவுக் கணக்கு நான் தருகிறேன். நேர்க்கம்பிக்கும் வளைந்த பாதைக்கும் நடுவில் வரும் விலகல் = இடைவெளியின் இருமடி ÷ (8 × ஆரம்). 610 ஆரத்தில் 200 மி.மீ. இடைவெளி என்றால் 8.2 மி.மீ. மாஸ்ட்டில் பாதியை வெளியே தள்ளிவிட்டால் இரு பக்கமும் 4.1. பேன்ட்டோவுக்குத் தாராளம். 250 வைத்தால் பக்கத்துக்கு 6.4, அதுவும் சமாளிக்கும். 300-க்குப் போனால் 9.2, பேன்ட்டோவின் கொம்புக்கே போய்விடும். வளைவு ஸ்கேலைவிட மிகக் கூர்மை என்பதால் இங்கே நெருக்கமாக நடுவது தவிர்க்க முடியாதது. எப்படியும் பின்பலகைக்குள் போகும் இடம்தானே.

இப்போது செய்முறை. ஒரு பிளைவுட் துண்டில் கிராஃப் தாள் ஒட்டுங்கள். ஒரு இடைவெளியை முழு அளவில் வரையுங்கள்: கீழே நேர்க்கோடு, மேலே தொய்வுக் கோடு. டிராப்பர் நிஜத்தில் அதிகபட்சம் 9 மீட்டருக்கு ஒன்று, மாடலில் 103 மி.மீ.க்கு ஒன்று. கோடு நெடுகச் சின்ன ஆணி அடித்து அதற்குள் கம்பியை வையுங்கள். கான்டாக்ட் 0.3, கேட்டனரி 0.25, டிராப்பர் 0.2 மி.மீ.

கம்பியை முதலில் நேராக்க வேண்டும். சுருளாக வந்த கம்பி எவ்வளவு இழுத்தாலும் அலையடிக்கும். ஒரு நுனியை வைஸில் கடித்து, மறுநுனியை டிரில்லில் மாட்டி, மெல்ல இழுத்துக்கொண்டே ஓரிரு நொடி சுற்றுங்கள். கோல் போல நின்றுவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அறுந்தால் முகத்துக்கு வரும்.

பற்ற வைக்கும்போது ஃப்ளக்ஸ் நிறைய, ஈயம் ஊசிமுனை அளவு. ஒவ்வொரு பற்றுக்கும் இரு பக்கமும் ஈர டிஷ்யூ வைத்தால் பக்கத்துப் பற்று கழன்று வராது. நான் முதல் துண்டை ஆறு முறை செய்தேன், ஏழாவது முறைதான் தேறியது. அப்புறம் எட்டுத் துண்டும் ஒரே மாலையில் முடிந்தது.

இரு நுனியிலும் சின்னக் கொக்கி விட்டு மாஸ்ட்டில் மாட்டினால், துடைக்கும்போது ஒரு துண்டை மட்டும் கழற்றலாம். கம்பியில் மின்சாரம் கொடுக்க வேண்டாம், லோகோ தண்டவாளத்திலிருந்தே எடுக்கட்டும். பேன்ட்டோவை ஒரு மெல்லிய கம்பியால் 63 மி.மீ. உயரத்தில் கட்டிவிடுங்கள். கம்பியைத் தொடாது, தொடுவது போலத் தெரியும்.

நிழல்பாதை

அக்கா, கழற்றும் கொக்கி என்று சொன்னதும் எனக்கு யோசனை வருகிறது. நான்கு வருடமாகக் கம்பி வேண்டாம் என்று இருந்ததற்குத் துடைக்கிற பிரச்சினைதான் பாதிக் காரணம். ஒரு துண்டு செய்து பார்க்கிறேன்.

மாஸ்ட்டுக்கு என்ன செய்யலாம்? ஜெர்மன் மாஸ்ட் நம் ஊர் மாதிரி இல்லை.

மீட்டர்கேஜ்_நினைவுகள்

பிரெஞ்சு வகை தேடுங்கள். 1950களின் கடைசியில் இந்தியா 25 கே.வி. ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்தபோது பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையில்தான் செய்தது. அதனால் கேன்டிலீவரின் முக்கோண வடிவம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். சோமர்ஃபெல்ட் என்ற மாடல் நிறுவனத்தின் பட்டியலில் பிரெஞ்சு மாஸ்ட்கள் உண்டு. அல்லது 2 மி.மீ. எச் வடிவப் பித்தளைத் துண்டு வாங்கி நீங்களே செய்யலாம். நிஜ பீம் மாஸ்ட் ஆறங்குலம் என்பதால் 1.75 மி.மீ. வேண்டும், 2 மி.மீ.யில் யாரும் குறை காண மாட்டார்கள்.

பல்லாவரம் நண்பரே, உங்கள் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்மயமானபோது அது மீட்டர் கேஜ், 1,500 வோல்ட் டி.சி. 1960களில் 25 கே.வி. ஏ.சி.க்கு மாற்றி, கம்பியை விழுப்புரம் வரை கொண்டுபோனார்கள். ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம். 1 லோகோக்கள் வந்தன, மொத்தம் இருபது. விழுப்புரத்தில் மின்லோகோவைக் கழற்றி, தெற்கே போக வேறு லோகோ மாட்டுவார்கள். சின்ன வயதில் அப்பா என்னைக் கீழே இறக்கி அந்த மாற்றத்தைக் காட்டுவார். கம்பி முடிகிற இடம் என்றால் என்ன என்று அங்கேதான் முதலில் கேட்டேன். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை 2004 ஜூலையில் நின்றது.

எச்.ஓ.எம். (எச்.ஓ.விலேயே மீட்டர் கேஜ்) அளவில், 12 மி.மீ. தண்டவாளத்தில், ஒரு ஒய்.ஏ.எம். 1 செய்துகொண்டிருக்கிறேன். 1,000 மி.மீ.க்கு 11.5 வருகிறது, அகலப் பாதைக்காரர்களைவிட எனக்குப் பிசகு குறைவு. தாத்தா, மாஸ்ட்டின் அடிப்பகுதியைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். எல்லோரும் மேலேயே பார்க்கிறார்கள்.

டவர்வேகன்_தாத்தா

நல்ல கேள்வி. மின்பாதை என்றால் பாதி தரையில்தான் இருக்கிறது. கம்பி வழியாக லோகோவுக்கு வருகிற மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதனால் ஒவ்வொரு மாஸ்ட்டின் அடியிலிருந்தும் ஒரு இரும்புப் பட்டை ஜல்லிக்குள் புகுந்து தண்டவாளத்தோடு சேரும். ஸ்ட்ரக்சர் பாண்ட் என்போம். இன்சுலேட்டர் உடைந்து கம்பி மாஸ்ட்டைத் தொட்டுவிட்டால், மின்சாரம் அந்தப் பட்டை வழியாகத் தண்டவாளத்துக்குப் போய் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழும். பட்டை இல்லாவிட்டால் மாஸ்ட்டைத் தொடுகிறவன் உயிர் போகும். 40 மி.மீ. அகலப் பட்டை, உங்கள் அளவில் அரை மி.மீ. காகிதக் கீற்று போதும். துருப்பிடித்த பழுப்பு நிறம் கொடுங்கள். இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் ஃபிஷ்பிளேட் ஜாயின்ட் இருக்கும் இடத்தில் தண்டவாளத்தோடு தண்டவாளத்தைச் சேர்க்கும் பாண்டும் உண்டு.

மாஸ்ட் நேராக மண்ணுக்குள் போகாது. கான்கிரீட் அஸ்திவாரம், அதன் மேல் நீர் வழிந்தோடச் சரிவாக ஒரு மஃப். மாஸ்ட்டின் தண்டில் தண்டவாள மட்டத்தைக் காட்டும் கோடும், பாதை நடுவிலிருந்து மாஸ்ட் எவ்வளவு தூரம் என்கிற எண்ணும் வண்ணத்தில் எழுதியிருப்போம். அந்தத் தூரம் 2.80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 32 மி.மீ. நடைமேடையில் மாஸ்ட் வந்தால் 4.75 மீட்டர், 55 மி.மீ. மேலே நம்பர் பிளேட்: கிலோமீட்டர், அதற்குக் கீழே வரிசை எண். ஒரு லைனுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை. ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பி அறுந்தது என்று போன் வந்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

உங்களுக்கு லெவல் கிராசிங் இருக்கிறதே, ஹைட் கேஜ் வைத்தீர்களா? படத்தில் காணோம். கேட்டுக்கு இரு பக்கமும் சாலையின் குறுக்கே ஒரு சட்டம், மாடலில் 54 மி.மீ. உயரத்தில். வைக்கோல் லாரி அதற்குக் கீழே போக முடியாவிட்டால் கம்பிக்குக் கீழேயும் போகக் கூடாது. நிலையத்துக்குப் பக்கத்து மாஸ்ட்டில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், சிக்னலுக்கு 25 கே.வி.யிலிருந்து 240 வோல்ட் எடுப்பது அது. நடைமேடை மேம்பாலத்தில் கம்பிக்கு நேர் மேலே தடுப்புத் தகடும், 25,000 வோல்ட் அபாயப் பலகையும் வேண்டும்.

மூன்று லைனும் சேர்ந்து ஓடி, தனித்தனி மாஸ்ட் நட இடமில்லாத இடத்தில் போர்ட்டல் (எல்லா லைனையும் தாண்டி நிற்கும் வாசல் போன்ற சட்டம்) போடுங்கள். நெருக்கம் தானாகக் குறையும்.

பல்லாவரம்வாசி

ஐந்து வாரம் ஆகிவிட்டது. படம் 4 முதல் 11 வரை பாருங்கள்.

பழைய பன்னிரண்டையும் எடுத்துவிட்டேன். நேர்ப்பாதையில் 517 மி.மீ.க்கு ஒன்று, நிலையத்தில் ஒரு போர்ட்டல், வளைவில் மட்டும் 220. புல் ஆஃப், புஷ் ஆஃப் இரண்டுக்கும் தனித்தனி ஜிக் (பிடித்து வைக்கும் அச்சு) செய்து பித்தளையில் பற்ற வைத்தேன். அக்கா சொன்ன மாதிரி ஆறு தடவை தோற்றேன், ஆனால் டிரில்லில் கம்பி நேராகும் அந்த நொடி அவ்வளவு சந்தோஷம். பாண்ட் எல்லாம் காகிதத்தில். நேற்று ராத்திரி விளக்கைத் தாழ்வாக வைத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், ஈ.எம்.யூ. (மின்சார லோக்கல்) ஒன்றை மெல்ல ஓட்டினேன். பேன்ட்டோ மேல் கம்பி இடம் வலமாக நகர்ந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "கூடுவாஞ்சேரி தாண்டின மாதிரி இருக்கு" என்றாள்.

ஒரு சந்தேகம் பாக்கி. வலது கோடியில் டென்ஷன் வெயிட் (கம்பியை விறைப்பாக இழுத்து வைக்கும் எடை) தொங்கும் மாஸ்ட் ஒன்று செய்கிறேன். எடைத் தட்டுகள் எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்?

கொல்லம்_கோட்டம்

அற்புதம் சார். 45 மீட்டர் கணக்குதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். படம் 7-இல் மொட்டையாக இல்லை.

டவர்வேகன்_தாத்தா

படம் 9-ஐப் பேரனிடம் காட்டி, எது நிஜம் எது மாடல் என்று கேட்டேன். மிகவும் சந்தோஷம் தம்பி.

எடைக்கு முதலில் ஒரு பதில் சொல்லுங்கள்: உங்கள் லேஅவுட்டில் என்ன மாதம், எத்தனை மணி? வெயிலில் செம்பு நீளும். ஒரு டென்ஷன் லெங்த், அதாவது ஒரே துண்டாக ஓடும் கம்பி, 1,500 மீட்டர் வரை, நடுவில் பிடித்து வைத்திருப்பதால் ஒரு பக்கம் 750. 30 டிகிரி ஏறினால் 750 மீட்டர் கம்பி 38 செ.மீ. நீளும். கப்பி மூன்றுக்கு ஒன்று, அதனால் எடை 1.15 மீட்டர் கீழே இறங்கும். உங்கள் அளவில் 13 மி.மீ. மார்கழிக் காலை என்றால் மேலே, சித்திரை மதியம் என்றால் கீழே.

பல்லாவரம்வாசி

புல்லெல்லாம் காய்ந்த நிறத்தில்தான் போட்டிருக்கிறேன், நிழலும் காலடியிலேயே விழுகிறது. மே மாதம், மதியம் ஒரு மணி. அப்படியானால் கீழே இறக்கிவிடுகிறேன் ஐயா.

டவர்வேகன்_தாத்தா

இறக்குங்கள், ஆனால் தரையைத் தொட விடாதீர்கள். தொட்டால் கம்பி தளர்ந்துவிடும்.